ஐம்பது முறை திருப்பிய இருக்கை

திருச்செங்கோடு
24-3-2025

அன்புள்ள நர்மதாவுக்கு,

நாங்கள் நலம். மைதிலி நலம் என்றும், நெற்றித் தையலைப் பிரித்தாயிற்று என்றும் பிரபாகர் போனில் சொன்னான். சத்தீஸ்கரில் போர்வெல் ரிக் வண்டியோடு நிற்கிற மகன் வழியாகத்தான், அறுபது கிலோமீட்டரில் இருக்கிற பேத்தியின் செய்தி எனக்கு வருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. "இனிமே போன்ல பேச வேண்டாங்க மாமா. சொல்றத எழுதி அனுப்புங்க" என்று நீ சொன்னாய். எழுதுகிறேன். முப்பத்தோரு வருடம் இயற்பியல் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிய கை. தாளில் எழுத அதற்குச் சிரமமில்லை.

நடந்ததை முதலில் வரிசையாக வைக்கிறேன். மார்ச் 8, சனிக்கிழமை. உனக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை ஷிப்டு. எப்போதும் போல நானும் உன் அத்தை பூவாத்தாளும் மேட்டூருக்கு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டோம். பின்பக்கம் இடது கதவோரம் குழந்தையின் சுழலும் இருக்கை. அதற்குப் பக்கத்தில் பூவாத்தாள். ஓட்டியது நான். இடைப்பாடி தாண்டிச் சங்ககிரிக்கு வரும்போது வயலிலிருந்து ஒரு டிராக்டர் சட்டென்று ரோட்டில் ஏறியது. பிரேக் போட்டேன். வேகம் நாற்பதுக்கு மேல் இல்லை. வண்டி எதிலும் மோதவில்லை. ஆனால் இருக்கை தானாகவே கதவுப் பக்கம் சுழன்றுவிட்டது. குழந்தை வாருக்குள்தான் இருந்தாள். இருந்தும் நெற்றி கதவின் கைப்பிடியில் பட்டது. மூன்று தையல்.

இந்த இருக்கையை வாங்கியதற்கே காரணம் அது சுழலும் என்பதுதான். கதவுப் பக்கம் திருப்பி, குழந்தையை நேராக வைத்து, வார் மாட்டி, பிறகு பழையபடி திருப்பிக்கொள்ளலாம். என் இடுப்புக்கு அது பெரிய உதவி. முன்பக்கம் பார்த்தும் வைக்கலாம், பின்பக்கம் பார்த்தும் வைக்கலாம். ஆனால் சுழலுகிற எந்தப் பொருளுக்கும் ஒரு பூட்டு வேண்டும். திருகு மூடி போட்ட டப்பாவை நினைத்துக்கொள். முக்கால்வாசி திருகிய மூடி, பார்வைக்கு முழுதாக மூடியது போலத்தான் இருக்கும். மூடியைப் பிடித்துத் தூக்கும்போதுதான் தெரியும். இந்த இருக்கையின் பூட்டும் அப்படி அரைகுறையாக விழுகிறது என்பது என் சந்தேகம்.

எனக்கு ஒரு மாதம் கொடு. முறையாகச் சோதித்து எழுதுகிறேன். குறை இருக்கையில் இருந்தால் வேறு மாதிரி வாங்குவோம். இல்லையென்றால் அதையும் எழுதுவேன். அதன் பிறகு எங்கள் சனிக்கிழமையை எங்களுக்குத் திருப்பிக் கொடு. நான் கேட்பது அவ்வளவுதான்.

அன்புடன்,
மாமா தீனதயாளன்


மேட்டூர்
29-3-2025

மாமா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. மைதிலி நன்றாக இருக்கிறாள். இடது புருவத்துக்கு மேல் கோடு தெரிகிறது. போய்விடும் என்கிறார்கள்.

எழுதச் சொன்னதற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. போனில் நீங்கள் விளக்க ஆரம்பித்தால் நான் "சரிங்க மாமா" என்று முடித்துவிடுகிறேன். அப்புறம் யோசித்தால், கேட்க வந்ததைக் கேட்காமல் விட்டது தெரிகிறது. எங்கள் அனல்மின் நிலைய வேலையில் வாயால் சொன்னது செல்லாது. ஒரு பம்பைத் திறந்து வேலை பார்க்க வேண்டுமென்றால் பெர்மிட் எழுதி வாங்க வேண்டும். வாங்கினவர் பெயர் அதில் இருக்கும். வேலை முடிந்ததும் அவரே கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். அவருக்குப் பதில் வேறு யாரும் தர முடியாது. இந்தச் சீட் விஷயத்திலும் எனக்கு அப்படித் தெரிய வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததில் மூன்று கேள்விகள். முதலாவது, சீட்டின் அடியில் பூட்டு விழுந்தால் பச்சையும் விழாவிட்டால் சிவப்பும் காட்டுகிற சின்னச் சன்னல் ஒன்று இருக்கிறது. அன்று அது என்ன காட்டியது? இரண்டாவது, பூட்டு விழுந்ததை நீங்கள் எதை வைத்து முடிவு செய்வீர்கள்? மூன்றாவது, மேட்டூரில் கிளம்பும்போது சீட்டைத் திருப்பிப் பூட்டினது நான். பச்சை பார்த்தேன். அதற்குப் பிறகு வழியில் எங்கேயாவது அதைத் திருப்பினீர்களா?

சனி, ஞாயிறுகளில் மைதிலியைப் பக்கத்து குவார்ட்டர்ஸ் குஞ்சம்மாள் அக்கா பார்த்துக்கொள்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, தூக்க முடியவில்லை. குஞ்சம்மாள் அக்காவின் வீட்டுக்காரருக்கு மே கடைசியில் மாற்றல். அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அதற்காக அவசரப்பட்டு முடிவு எடுக்க மாட்டேன்.

சோதனை செய்யுங்கள். எண்களை எழுதுங்கள்.

நர்மதா


திருச்செங்கோடு
6-4-2025

அன்புள்ள நர்மதாவுக்கு,

எண்களோடு எழுதுகிறேன்.

முதலில் குழந்தைக்குப் பதிலாக ஒன்று வேண்டியிருந்தது. மைதிலியின் எடை ஒன்பது கிலோ சொச்சம். ஒன்பது கிலோ அரிசியைப் பையில் கட்டினேன். பை வழுக்கிக்கொண்டே போயிற்று. வார் பிடிப்பதற்காக, நீ இங்கே விட்டுப் போன பூப்போட்ட கவுனை அதற்கு மாட்டினேன். பூவாத்தாள் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, அரிசிக்குப் போயி பாப்பா கவுன மாட்டி உடறீங்க? கண்ணுல பாக்க நல்லாவா இருக்குது?"

"சோதனைக்குத்தான்."

"சோதனைக்கு உங்க பனியன மாட்டுங்க. கவுன கழட்டுங்க மொதல்ல."

ஆகவே அரிசி என் பனியனோடு உட்கார்ந்தது.

இருக்கையைக் காரோடு பிணைக்கிற இரண்டு கொக்கிகளையும் பார்த்தேன். காரின் சீட்டுக்குள் இருக்கிற இரும்பு வளையத்தில் நன்றாகக் கவ்வியிருக்கின்றன. முன்னால் தரையில் ஊன்றுகிற கால் உறுதியாக நிற்கிறது. ஆட்டினால் வண்டியே ஆடுகிறது, இருக்கை தனியாக ஆடவில்லை. வார் இறுக்கம் சரி. ஒரு குறை, வெயில். முற்றத்தில் ஒரு மணி நேரம் நிறுத்திய காரில் வார்ப் பூட்டின் இரும்பைத் தொட முடியவில்லை. துணியும் சுடுகிறது. அதனால்தான் பூவாத்தாள் எப்போதும் வேட்டித் துணி ஒன்றை மடித்து விரித்து வைப்பாள். போகப்போக அந்தத் துணி முன்பக்கம் வழிந்து தொங்கும். உன் முதல் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. நீ பச்சை பார்த்தது துணி அப்படி வழிவதற்கு முன்னால். அன்று பச்சையா சிவப்பா என்று நாங்கள் பார்க்கவில்லை. துணி மறைத்திருந்தது.

இரண்டாவது கேள்விக்குப் பதில், சத்தம். பூட்டு விழும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். பள்ளியில் ஊசலை ஐம்பது முறை ஆடவிட்டு எண்ணச் சொல்வேன். ஒரு முறை எண்ணினால் தவறு பெரிதாகத் தெரியாது, ஐம்பதில் தெரிந்துவிடும். அதே போல இருக்கையைக் கதவுப் பக்கம் திருப்பி, மறுபடி நேராக்கி, சத்தம் வந்ததா என்று ஐம்பது முறை குறித்தேன். வந்தது இருபத்தொன்பது முறை. வராதது இருபத்தொரு முறை.

ஐம்பதில் இருபத்தொன்று என்பது சின்னக் குறையில்லை. ஒரு வகுப்பில் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவாகப் பெயில் என்றால் கேள்வித்தாளைச் சந்தேகப்பட வேண்டும். பூட்டு பழுது என்பது என் முடிவு. ஒவ்வொரு தடவையையும் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதியிருக்கிறேன். வேண்டுமானால் பிரதி அனுப்புகிறேன். சுழலாத சாதாரண இருக்கை ஒன்றைச் சேலத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். குழந்தையைக் குனிந்து தூக்கி வைக்க வேண்டியிருக்கும். என் இடுப்பு பொறுத்துக்கொள்ளும்.

அன்புடன்,
மாமா


மேட்டூர்
11-4-2025

மாமா அவர்களுக்கு,

வணக்கம். பிரதி வேண்டாம். சத்தம் வராத அந்த இருபத்தொரு தடவையும் சன்னலில் என்ன நிறம் இருந்தது என்று நோட்டில் இல்லை. அந்த இருபத்தொரு தடவையும் சீட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தீர்களா என்றும் இல்லை.

சத்தம் ஒரு அளவீடு இல்லை மாமா. பயிற்சியில் முதல் வாரமே இதைச் சொல்லித் தருவார்கள். சைரன் அடித்தால் ஏதோ நடக்கிறது. அடிக்காவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை, சைரனே ரிப்பேராக இருக்கலாம். அதனால் மீட்டரைப் பார்க்க வேண்டும், பிறகு கையால் பார்க்க வேண்டும். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் தனியாகப் பார்க்க வேண்டும்.

சோதனை செய்ததும் நீங்கள், குறித்ததும் நீங்கள், முடிவு எழுதினதும் நீங்கள். மறுபடி செய்யுங்கள். உங்களைத் தவிர இரண்டு பேர் இருக்கட்டும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை. மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். வழியில் சீட்டைத் திருப்பினீர்களா?

புதுச் சீட் இப்போது வாங்க வேண்டாம்.

நர்மதா


திருச்செங்கோடு
20-4-2025

அன்புள்ள நர்மதாவுக்கு,

மறுபடி செய்தேன். நீ சொன்ன மாதிரியே செய்தேன்.

அடுத்த தெருக் குணசீலனை உனக்குத் தெரியும். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்தார். திருப்புவது அவர் வேலை. சன்னலை ஓர் அட்டையால் மறைத்தோம். ஒவ்வொரு முறையும் சத்தம் கேட்டதா இல்லையா என்று மூன்று பேரும் தனித்தனித் தாளில் குறிக்க வேண்டும். அதன் பிறகு அட்டையை எடுத்து நிறம் பார்க்க வேண்டும். பிறகு அவர் இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்க வேண்டும். பூவாத்தாள் பின்வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே குறித்தாள். காரிலிருந்து பத்தடி இருக்கும்.

ஐம்பது முறையும் நிறம் பச்சை. ஐம்பது முறை இழுத்ததிலும் இருக்கை அசையவில்லை. "பூட்டு கெட்டியா இருக்குதுங்க. லாரிப் பின்கதவுக்கு நாங்க போடற கொக்கிகூட இத்தன சுத்தமா உழுகாது" என்றார் குணசீலன். பிறகு என் தாளை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க வாத்தியாரே, பாதிக்குத்தான் டிக் போட்டிருக்கறீங்க?"

"மீதி கேட்கவில்லை."

"எனக்கு அம்பதும் கேட்டுச்சுங்களே!"

பூவாத்தாள் வெங்காயத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "எனக்குந்தான் கேட்டுச்சு. குக்கரு பக்கத்துல நின்னுக்கிட்டே எத்தன விசிலு வந்துச்சுன்னு எங்கிட்ட வந்து கேக்கறவருங்க அவரு. உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

"அதை எங்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"சொன்னாக் கேக்குமுங்களா?"

குணசீலன் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு மூன்று தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டேன். எனக்குக் கேட்டது இருபத்தேழு. எந்த இருபத்தேழு என்று பார்த்தேன். குனிந்து வலது காது இருக்கைப் பக்கம் இருந்தபோது கேட்டிருக்கிறது. நிமிர்ந்து நின்றபோதும், இடது காது அந்தப் பக்கம் இருந்தபோதும் கேட்கவில்லை. தராசில் ஒரு தட்டு ஒட்டிக்கொண்டிருந்தால், எந்தச் சரக்கை நிறுத்தாலும் சரக்குதான் குறைவு என்று காட்டும். நான் தராசைப் பார்க்காமல் சரக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருக்கையில் குறை இல்லை.

இனி உன் மூன்றாவது கேள்வி. திருப்பினேன்.

இடைப்பாடிக்கு முன்னால் ரோட்டோர முனியப்பன் கோயில் இருக்கிறதே, அங்கே நிறுத்தினோம். எல்லாச் சனிக்கிழமையும் நிறுத்துவோம். இறங்கிப் போய்க் கும்பிட்டுவிட்டு வர நேரமாகும், குழந்தையை வாரிலிருந்து அவிழ்த்தால் மறுபடி மாட்ட விடமாட்டாள். இருக்கைதான் சுழலுமே என்று கதவைத் திறந்து, அவளை அப்படியே சாமியைப் பார்க்கத் திருப்புவேன். பூசாரி காருக்கே வந்து திருநீறு வைத்துவிடுவார். கிளம்பும்போது திருப்பி நேராக்குவேன். அவளுக்கு அது ராட்டினம் மாதிரி, கையைத் தட்டிச் சிரிப்பாள். அன்றும் அப்படித்தான். நேராக்கினேன். சத்தம் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அது கேட்காமலே பழகிப்போயிருந்தது. முன்பு பல வாரம் கேட்காதபோதும் பூட்டு விழுந்துதான் இருந்தது. அதனால் அன்றும் விழுந்திருக்கும் என்று கதவைச் சாத்தினேன். துணியை விலக்கி நிறம் பார்க்கவில்லை. இழுத்தும் பார்க்கவில்லை. இருக்கை நேர்க்கோட்டுக்கு இரண்டு விரல் முன்னால் நின்றிருக்க வேண்டும். மற்றதைப் பிரேக் செய்தது.

பூவாத்தாள் மேல் இதில் தப்பு எதுவும் இல்லை. அவள் அப்போது தேங்காய்மூடி வாங்கிக்கொண்டிருந்தாள்.

மாமா


மேட்டூர்
26-4-2025

மாமா அவர்களுக்கு,

இரண்டு முறை படித்தேன்.

மார்ச் 8 முதல் ஏப்ரல் 20 வரை நாற்பத்து மூன்று நாள். ஆஸ்பத்திரியில் நான் கேட்டபோது "தானா சுத்திக்கிச்சு" என்றீர்கள். முதல் கடிதத்தில் "தானாகவே" என்று எழுதினீர்கள். இரண்டாவது கடிதத்தில் என் கேள்வியைத் தாண்டிப் போனீர்கள். இல்லாத குறையைச் சீட்டின் மேல் சொல்லி, அதற்கு எண்ணும் கொடுத்தீர்கள். நானும் அந்தக் கம்பெனிக்குப் புகார் எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை, நல்லவேளை.

சாமியைப் பார்க்கத் திருப்பினதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. நான் இருந்தாலும் திருப்பியிருப்பேன். காது கேட்காததும் உங்கள் குற்றம் இல்லை. ஏன் சொல்லவில்லை? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

சீட்டைப் பற்றி எனக்கு இனிக் கேள்வி இல்லை. சனிக்கிழமையைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

நர்மதா


திருச்செங்கோடு
4-5-2025

அன்புள்ள நர்மதாவுக்கு,

ஈரோட்டில் காது மருத்துவரைப் பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கிறபோது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பல நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே இருந்த பெண் அந்த நேரத்தில் எல்லாம் சத்தம் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கீழ்ச்சத்தங்கள் பரவாயில்லை. 'டிக்' போன்ற மேல்சத்தங்கள் இடது காதில் ஏறக்குறைய இல்லை, வலதில் பாதி. ஐந்தாறு வருடமாகவே இப்படி இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர். காது மிஷின் மாட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்று தெரிந்தது. வண்டி ஓட்டத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளின் பிரதி இதோடு இருக்கிறது. அதை வைத்து உன்னிடம் எதுவும் கேட்கப் போவதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். ஆஸ்பத்திரியில் சம்பந்தியம்மா சென்னம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் பிரேக்கப் பத்திப் பாடம் நடத்துன வாத்தியாருங்களா இவரு?" நியாயமான கேள்வி. அந்த இடத்தில் "ஆமாம், நான்தான் பூட்டாமல் விட்டேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'தானா' என்ற சொல் வந்துவிட்டது. பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொள்ளும் பையன்கள், பேப்பர் தானாகப் பறந்து வந்து என் மேஜையில் விழுந்தது என்பார்கள். எத்தனை பேரை அந்த ஒரு பதிலுக்காக வெளியே நிறுத்தியிருக்கிறேன். முதல் நாள் சொன்ன பொய்யை, இரண்டாம் வாரம் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். சோதனையை அதை நிரூபிப்பதற்காகத்தான் தொடங்கினேன்.

இருக்கை பற்றிய என் அறிக்கையை ஒரு தாளில் தனியாக இணைத்திருக்கிறேன். என்ன செய்யப்பட்டது, இருக்கையோடு வந்த புத்தகம் என்ன சொல்கிறது, யார் செய்தது என்று மூன்று கட்டம். துணி விரித்ததிலிருந்து பூட்டைப் பார்க்காமல் விட்டது வரை பெயர் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் என் பெயர்தான். மோதல் நடந்திருந்தால் இருக்கையை மாற்ற வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நடந்தது பிரேக் மட்டும், ஆகவே இதையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வரியில் மட்டும் 'யார் செய்தது' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அன்று மைதிலிக்குப் பதின்மூன்று மாதம். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பதினைந்து மாதம் முடியும் வரை பின்பக்கம் பார்த்துத்தான் வைக்க வேண்டும், அதற்குப் பிறகும் முடிந்தவரை அப்படியே வைப்பது நல்லது என்கிறது புத்தகம். காரணம் எளிது. பழுத்த பப்பாளியை இரண்டு கயிற்றில் கட்டித் தூக்குவதற்கும், இரண்டு உள்ளங்கையிலும் ஏந்துவதற்கும் உள்ள வித்தியாசம். முன்பக்கம் பார்த்தால் பிரேக்கின் வேகத்தை வார் தாங்குகிறது, தலையை எதுவும் தாங்குவதில்லை. பின்பக்கம் பார்த்தால் முதுகும் தலையும் சேர்ந்து இருக்கையில் அழுந்துகின்றன. பூட்டு சரியாக விழுந்திருந்தாலும் இந்தக் குறை இருந்திருக்கும். நான் புத்தகத்தை முழுதாகப் படித்ததே இந்த மாதம்தான். தெரியாததை நிரப்பும் பழக்கம் இனி வேண்டாம் என்று அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.

சனிக்கிழமையை நான் திருப்பிக் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்கிறேன். குஞ்சம்மாள் மாற்றலாகிப் போன பிறகு, வெள்ளிக்கிழமை மாலை நானும் பூவாத்தாளும் பஸ்ஸில் மேட்டூர் வந்துவிடுகிறோம். நீ ஷிப்டு முடிந்து வரும் வரை குழந்தையைக் குவார்ட்டர்ஸிலேயே பார்த்துக்கொள்கிறோம். ஞாயிறு மாலை பஸ்ஸில் திரும்பிவிடுகிறோம். காருக்கு அதில் வேலை இல்லை. சம்பந்தியம்மா முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சம்தான். அது என் பாடு.

அன்புடன்,
தீனதயாளன்


மேட்டூர்
9-5-2025

மாமாவுக்கு,

நீங்கள் காலியாக விட்ட கட்டத்தை நிரப்பித் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெயர் என்னுடையது. கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஜனவரி மூன்றாவது வாரம். பின்பக்கம் பார்த்து வைத்தால் மைதிலி அழுதுகொண்டே இருந்தாள். "பாப்பா வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்துச்சு, சங்ககிரில வாந்தி எடுத்துப்போடுச்சு" என்று அத்தை ஒவ்வொரு வாரமும் போனில் சொல்வார். நான் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு சனிக்கிழமை காலை நீங்கள் வந்ததும் காரில் சீட்டோடு இருந்த புத்தகத்தை எடுத்து, எப்படித் திருப்புவது என்று பார்த்தேன். அதே பக்கத்தில்தான் பதினைந்து மாதம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் திருப்பினேன். அன்று அவள் அழவில்லை. நான் நிம்மதியாக வேலை பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், குழந்தை எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று கேட்டார். "ஓட்டினவரைக் கேளுங்க" என்றேன். நீங்கள் "முன்பக்கம்" என்று மட்டும் சொன்னீர்கள். யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. டாக்டர் உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அம்மா அந்த வார்த்தையைச் சொன்னது அதற்குப் பிறகுதான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அதற்கப்புறம் உங்களிடம் மூன்று கேள்வி கேட்டேன். அந்த மூன்றிலும் சீட் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது வராத மாதிரி பார்த்துக் கேட்டேன் என்பது இப்போது படித்துப் பார்த்தால் தெரிகிறது. நீங்கள் நாற்பத்து மூன்று நாள் சொல்லவில்லை. நான் அறுபத்திரண்டு நாள்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். மடியிலிருந்த மைதிலியைக் கீழே இறக்கிவிட்டார். அப்புறம், "அந்த மனுசன்கிட்ட நா என்னன்னு போயி நிப்பேன்" என்றார். "நிக்க வேண்டாம், உக்காந்துக்க, முழங்கால் வலிக்கும்" என்றேன். சிரிக்கவில்லை. நீங்கள் வந்தால் பருப்புப் போளி செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அவரால் முடிந்தது அது.

பஸ் வேண்டாம். பதினேழாம் தேதி சனிக்கிழமை, காலை ஐந்து மணிக்குள் காரோடு வந்துவிடுங்கள். எனக்கு ஆறு மணி ஷிப்டு. நீங்கள்தான் ஓட்ட வேண்டும். துணியை எடுத்துவிடுங்கள். சூடு தணியக் காரை நிழலில் நிறுத்தினால் போதும். வழியில் முனியப்பனைப் பார்க்கத் திருப்புங்கள். பச்சை பார்ப்பது அத்தை, இழுத்துப் பார்ப்பது நீங்கள்.

சீட்டைப் பின்பக்கம் பார்க்க நானே மாற்றி வைக்கிறேன். அவளுக்குப் பதினைந்து மாதம் முடிந்துவிட்டது. இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று வாரம் அழுவாள். எனக்குப் போன் செய்து சொல்ல வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். இல்லை, சொல்லட்டும். கேட்டுக்கொள்கிறேன். அழுதபடியே கூட்டிக்கொண்டு போங்கள்.

நர்மதா